தறிக்கு வருகைப் பதிவேடு கிடையாது

ஆரணியைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்குக் காலை வருகைப்பதிவு நேரம் ஒரு பாடம். தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு என எந்த ஊர்ப் பள்ளியானாலும் பெயரைக் கூப்பிட்டு விடை வராதபோது பக்கத்து இருக்கைப் பிள்ளையே காரணம் சொல்லிவிடும். “சார், அவங்க வீட்டுல பாவு பிணைக்கிறாங்க.” “டீச்சர், அவன் தார் சுத்திக்கிட்டு இருக்கான்.” “நாளைக்குச் சேலை அறுக்கணும் சார், அதான் வரல.” காய்ச்சல், வயிற்றுவலி என்ற பொய்க் காரணங்கள் இங்கே குறைவு. தறி வேலை என்று நேராகவே சொல்வார்கள். சொல்வதில் எந்தக் கூச்சமும் இருக்காது, ஏனென்றால் வீட்டில் அதுதான் முறையான காரணம்.

இப்படி அவ்வப்போது விடுப்பு எடுத்தே பன்னிரண்டாம் வகுப்பைத் தேறிய மாணவன் ஒருவன், கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஏதோ ஒரு சான்றிதழ் நகலுக்காகப் பள்ளிக்கு வந்திருந்தான். நன்றாகக் கணக்குப் போடுகிறவன். பருவத் தேர்வு எழுதவில்லை என்றான். தோல்வியா என்று கேட்டேன். “இல்ல சார், எழுதவே விடல. அட்டெண்டன்ஸ் பத்தல.” அவனுடைய குழப்பம் வேறு இடத்தில் இருந்தது. “இருபத்தஞ்சு சதவீதம் லீவு போடலாம்னு சொன்னாங்க, அதான் போட்டேன்.”

அந்த இருபத்தைந்து சதவீதத்தை அவன் தனக்குக் கொடுக்கப்பட்ட சலுகையாக எடுத்துக்கொண்டான். அவனிடம் யாரும் அதை வேறுவிதமாக விளக்கியதில்லை. ஏழு ஆண்டுகள் எங்கள் பள்ளியில் படித்தவன் என்பதால், அந்த ‘யாரும்’ என்பதில் நானும் உண்டு.

கல்லூரிகளில் 75 சதவீத வருகை என்பது பொதுவான விதி. பல பல்கலைக்கழகங்களில் அதற்குக் கீழே சில படிகள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப்படி 65-க்கும் 75-க்கும் இடையே வருகை உள்ளவர் மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்கு உரிய சான்று தந்தால் தேர்வெழுத அனுமதி பெற வழி உண்டு. 65-க்குக் கீழே போனால் அந்த வழியும் இல்லை. கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் குறைவான வருகைக்குக் கட்டணம் செலுத்தி விலக்குப் பெறும் ஏற்பாடு இருக்கிறது. இந்தப் படிகள்தான் கல்லூரியின் ‘நெகிழ்வு’. எவையுமே தறியில் உட்கார்ந்த நாளுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல.

அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள், நாளைக்கு 5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 450 மணி. அதில் 75 சதவீதம் 337.5, அதாவது 338 மணி இருந்தாக வேண்டும். தவறவிடக்கூடியது 112 மணி. நாள் கணக்கில் 22 நாள், அதற்கு மேல் இரண்டு மணி. கேட்பதற்கு நிறைய. ஆனால் மாதம் மூன்று நாள் தறிக்கு என்று வைத்தால் நாலரை மாதத்தில் 13 நாள் போய்விடும். தீபாவளிச் சேலைகளை முடித்துக் கொடுக்க ஒரு நான்கு நாள். ஒரு முறை காய்ச்சல் வந்தால் ஐந்து நாள். 22 முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு சாவு வீடு, ஒரு கோயில் கொடை, பேருந்து தவறிய ஒரு காலை எதற்கும் இடமில்லை. பாடவாரியாக வருகை கணக்கிடும் இடத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் மட்டும் வரும் ஒரு தாளில் அடிக்கடி வெள்ளிக்கிழமை போடும் விடுப்பு என்ன செய்யும் என்பதை மாணவர்கள் பருவ முடிவில்தான் பார்க்கிறார்கள்.

இதில் நெசவு ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆண்டின் முதல் பருவம் நவம்பரை ஒட்டி முடிகிறது. பட்டுக்கு வேலை நெருக்கும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் அதே காலம். அடுத்த பருவம் ஓடும் மாதங்களில் தை, மாசி, பங்குனி முகூர்த்தங்கள். கல்லூரி நாட்காட்டியும் சேலை நாட்காட்டியும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே விழுகின்றன. மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை நிற்கும் நாட்களில் அதே மாணவன் ஒழுங்காக வகுப்புக்கு வருவான். அவனுடைய வருகைப் பட்டியலைப் பார்த்தால் ஊரின் மழையளவையும் முகூர்த்த நாட்களையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

மூன்று மணி நேரப் பள்ளி

வருகையில் நெகிழ்வு என்ற பேச்சு நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தை ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நாம் எல்லோரும் படித்திருப்போம், பெரும்பாலும் அரசியல் வரலாறாக. வருகை என்ற கோணத்தில் அதை ஒருமுறை பார்க்கலாம். ஐந்து மணி நேரமாக இருந்த பள்ளி நாள் மூன்று மணி நேரமாயிற்று. மாணவர்கள் இரு பிரிவாக, முறை வைத்து வந்தார்கள். இதனால் அதே கட்டடத்தில், அதே ஆசிரியர்களோடு கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்க முடியும் என்பது அரசின் வாதம். பணம் இல்லை, பள்ளி இல்லை, ஆனால் பிள்ளைகள் ஏராளம் என்ற நிலையில் அந்த வாதத்தை முழுக்கப் புறந்தள்ள முடியாது. (மூன்றும் மூன்றும் ஆறு என்பதால் ஆசிரியரின் வேலைநேரம் கூடியது. அதை யாரும் நெகிழ்வு என்று சொல்லவில்லை.)

சிக்கல் மீதி நேரத்தில் இருந்தது. பள்ளி இல்லாத வேளையில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது திட்டம். அன்று வடஆற்காடு மாவட்டத்தில் இருந்த நமது பகுதிக் கிராமங்களில் அதற்குப் பொருள், நெசவாளி பிள்ளை தறிக்கு, விவசாயக் கூலியின் பிள்ளை வயலுக்கு, சலவைத் தொழிலாளி பிள்ளை துறைக்கு என்பதுதான். விடுவிக்கப்பட்ட நேரம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அது பிறந்த வீட்டுக்குப் போயிற்று. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. சட்டமன்றத்தில் வாக்குகள் நூலிழையில் பிரிந்தன. ஆய்வுக்கென்று பாருலேகர் தலைமையில் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளை முழுநாளும் பள்ளியில் இருக்க என்ன தடை என்று பார்த்து, அதைப் பசி என்று கண்டு, 1956-இலிருந்து மதிய உணவை விரிவாக்கியது அதற்கு அடுத்து வந்த ஆண்டுகளின் கதை.

இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளிலும் இதற்கு நூறாண்டு முன்பே அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி என்ற ஏற்பாடு இருந்தது. 1844 ஆலைச் சட்டம் அதற்கு வழி செய்தது. காலையில் ஆலைக்குப் போய்விட்டுப் பிற்பகல் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் மேசையிலேயே தூங்கிவிழுந்ததை அன்றைய ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். 1918 கல்விச் சட்டம் வந்த பிறகுதான் அது முடிவுக்கு வந்தது. வகுப்பில் தூங்கும் பிள்ளையைப் பார்த்து நாம் ‘இரவெல்லாம் போன் பார்த்திருக்கும்’ என்று எண்ணுகிறோம். இந்த ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு.

கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் ஊடையிலேயே கோத்து இணைக்கப்படும். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவரால் மட்டும் அது ஆகாது, பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். கூலி சேலைக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால் அந்த இரண்டாவது கைக்குத் தனியாகக் காசு கிடையாது. வீட்டில் காசு கேட்காத கை யாருடையது? மனைவியுடையது, அல்லது பிள்ளையுடையது. பெற்றோர் கல்வியின் அருமை தெரியாதவர்கள் என்று கூட்டங்களில் நாம் சொல்லும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். நெசவாளர் பலர் தம் பிள்ளை தறிக்கு வரக்கூடாது என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் வியாழக்கிழமை சேலை அறுக்க வேண்டும் என்றால் புதன்கிழமை அந்தக் கை வேண்டும்.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை இதில் நெகிழ்வு பேச இடமே இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டமும் 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் தெளிவாக உள்ளன. குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கைப் பலர் விரித்துப் பொருள் கொள்கிறார்கள். 2017 விதிகளின்படி அந்த உதவி பள்ளி நேரத்தில் கூடாது, இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரையும் கூடாது, படிப்புக்கு இடையூறாக இருக்கக் கூடாது. ஆபத்தானவை என்று பட்டியலிடப்பட்ட வேலைகளில் எந்த நேரத்திலும் கூடாது. அந்தப் பட்டியலை ஒவ்வொரு தலைமையாசிரியரும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அதே விதிகளில் நமக்கு ஒரு கடமையும் உண்டு: பள்ளிக்குத் தெரிவிக்காமல் பிள்ளை தொடர்ந்து 30 நாள் வரவில்லை என்றால் தலைமையாசிரியர் அதற்கான பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் தறிப்பிள்ளை தொடர்ந்து 30 நாள் நிற்பதில்லை. நான்கு நாள் நின்று ஒரு நாள் வரும். எமிஸ் செயலியில் அதன் பெயர் எந்த எச்சரிக்கையிலும் சிக்காது.

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பு முதல் 2021 தொடக்கத்தில் சில வாரங்கள் தவிர அந்த ஆண்டு செப்டம்பர் வரையும், சிறிய வகுப்புகளுக்கு நவம்பர் வரையும் மூடியே இருந்தன. அந்த இடைவெளியில் பெரும்பாலும் வருகை என்ற ஒன்றே இல்லை. எந்த நேரத்தில் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற முழு நெகிழ்வு. அது தறி வீடுகளில் என்னவாயிற்று என்று திறந்த முதல் வாரத்தில் பார்த்தோம். எட்டாம் வகுப்பில் விட்டுப்போன பிள்ளை, கை பழகிய நெசவாளியாகத் திரும்பி வந்தது. சிலர் திரும்பி வரவில்லை.

யாருடைய முடிவு?

அப்படியானால் நெகிழ்வே கூடாதா? அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரு சுழற்சி முறை இருந்துவருகிறது. காலைச் சுழற்சியில் படித்துவிட்டுப் பிற்பகலில் வேலைக்குப் போய், குடும்பத்தையும் தாங்கிப் பட்டமும் பெற்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நம் ஆசிரியர் அறைகளிலேயே இருப்பார்கள். அதுவும் அரைநாள் படிப்புதான். 1953-இன் அரைநாளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சேர்ந்தவர் பதினெட்டு வயதை ஒட்டியவர், பிற்பகலில் என்ன வேலை என்பதை அவர் தேடிக்கொள்கிறார், வகுப்பு நேரம் எவராலும் தொடப்படாமல் முழுதாக இருக்கிறது. பள்ளி நேரம் முடிந்த பின் உள்ள நேரம் அவருடையது. இப்போது அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற மாணவியருக்கு 2022-இலிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தறியில் ஓரிரு நாள் உட்கார்ந்துதான் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் சம்பாதிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அது ஓரளவு தளர்த்துகிறது. அந்தப் பணம் எதற்காக என்பதைப் பிள்ளையிடமும் வீட்டிலும் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர் முன்னரே பேசிவைப்பது உதவும்.

பொறுப்பு என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதும் இல்லை. தறிக்கு வருகைப் பதிவேடு கிடையாது. எத்தனை மணிக்கு உட்கார்ந்தாய் என்று முதலாளியோ சங்கமோ கேட்பதில்லை. என்றைக்குச் சேலை வரும் என்பதுதான் கேள்வி. அப்பா திருவிழாவுக்கு ஒரு நாள் தறியை விட்டு எழுந்தால் அடுத்த இரண்டு இரவு விளக்கைப் போட்டு ஈடுகட்டுவதைப் பிள்ளை பார்த்தே வளர்கிறது. நெகிழ்வான வருகையின் நெறி அதுதான். விட்ட நாளை யார், எப்போது ஈடுகட்டுவது என்பது விடும்போதே தெரிந்திருக்கும்.

ஒரு வேறுபாடு உண்டு. நெய்த துணி கண்ணெதிரே உருளைக்கட்டையில் சுருண்டுகொண்டு போகிறது. எத்தனை முழம் ஆயிற்று, எத்தனை பாக்கி என்று எவரும் கைவைத்து அளக்கலாம். படிப்பில் அந்தத் துணி கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் வருகை சதவீதம் என்ற மறைமுக அளவைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 80 சதவீதம் வந்தும் ஒன்றும் நெய்யாத பிள்ளையும் உண்டு என்பது நமக்குத் தெரிந்ததே. வருகையில் நெகிழ்வு தருவதானால், அளக்கக்கூடிய துணி ஒன்றைக் காட்டச் சொல்லித்தான் தர முடியும்.

இதை வைத்து ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளில் ஒரு சிறு முயற்சி செய்துவருகிறேன். ஒவ்வொரு மாணவரும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தம் வருகையைத் தாமே பதிகிறார்கள். 220 வேலைநாளில் 75 சதவீதம் 165 என்று அவர்களே கண்டுபிடிப்பதில் தொடங்கியது. சதவீதப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. “இன்றுவரை உன் சதவீதம் என்ன, இனி எல்லா நாளும் வந்தால் ஆண்டு முடிவில் என்ன ஆகும்” என்ற கேள்வியை மாதம் ஒருமுறை கேட்கிறேன். முதல் மாதத்தில் விட்ட மூன்று நாள் சதவீதத்தை எவ்வளவு இறக்குகிறது, பத்தாம் மாதத்தில் விட்ட மூன்று நாள் எவ்வளவு இறக்குகிறது என்பதைப் பார்த்து அவர்களே வியக்கிறார்கள். கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு 450 மணிக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறோம்.

வராத நாளுக்கு எதிரே மூன்று கட்டங்கள். என்ன பாடம் விட்டது, எப்போது யாரிடம் கேட்டு முடித்தேன், இந்த விடுப்பு யார் எடுத்த முடிவு. இரண்டாவது கட்டம் நிரம்பியதும் நான் ஐந்து நிமிடம் ஒதுக்கி இரண்டு கணக்குக் கொடுப்பேன். போட்டுவிட்டால் கையெழுத்து. செயலியில் அந்த நாள் வராத நாளாகவே இருக்கும். அதில் எந்தச் சமரசமும் இல்லை, இருக்கவும் கூடாது. பதிவேட்டில் இரக்கப்பட்டு வருகை போடுவது அந்தப் பிள்ளை தறியில் இருந்ததற்கான ஒரே சாட்சியத்தை அழிப்பது.

இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். சிலர் ஒரே நாளில் உட்கார்ந்து ஒரு மாதத்துக்கும் நிரப்புகிறார்கள், மை நிறமே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தந்தை, “நோட்டுல எழுதிட்டா லீவு போடலாமாமே சார்” என்று நேரில் வந்து கேட்டார். என் முயற்சி அவருக்கு அனுமதிச் சீட்டாகத் தெரிந்திருக்கிறது. அவரிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்புக்குக் கீழே இதை எடுத்துச் செல்லாததற்கும் அதுதான் காரணம். அங்கே விடுப்பைப் பற்றிய பேச்சே வேறு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை அழைத்துவருவதுதான் வேலை.

மூன்றாவது கட்டம்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. பையன்கள் ‘அப்பா’ என்று எழுதுகிறார்கள், அல்லது ‘நான்’. மாணவியர் பலர் ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் ‘நான்’ என்றே எழுதியிருந்தார்கள். தம்பிக்கு உடம்பு சரியில்லை, அம்மா தறியில், சமையலுக்கு ஆள் இல்லை, முடிவு: நான். அவர்களாகவே முடிவெடுத்துப் பொறுப்பாக நடந்துகொண்டதாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வீட்டில் வேறு முடிவு எடுக்க அவளுக்கு வழி இருந்ததா? அண்ணன் வீட்டில் இருந்த நாளிலும் அவளே ஏன் நின்றாள்? கல்லூரியில் ‘மாணவரின் பொறுப்பு’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிற விதி, இந்த இரண்டு ‘நான்’களையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். இப்போது அந்தக் கட்டத்தை நிரப்பும் முன் மாணவியரிடம் “நீ வராமல் இருந்தால் வேறு யார் அதைச் செய்திருக்க முடியும்” என்று பெண் ஆசிரியர் ஒருவர் தனியே கேட்கிறார். சில பெயர்கள் மாறியிருக்கின்றன.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த ஆண்டு இன்னொன்றையும் கேட்டோம். எந்தெந்த வாரங்களில் வேலை நெருக்கும் என்று பெற்றோரே நாட்காட்டியில் குறித்துக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள், தை மாதத்தில் இரண்டு. அந்த வாரங்களில் அலகுத் தேர்வு வைப்பதில்லை, புதிய பாடமும் தொடங்குவதில்லை, திருப்புதல் மட்டும். பதிலுக்குப் பெற்றோர் ஒப்புக்கொண்டது, கோர்வைத் தறிக்கு அந்த வாரங்களில் பிள்ளைக்குப் பதில் ஒரு பெரியவரை ஏற்பாடு செய்துகொள்வது. இருவீட்டார் ஒருவருக்கொருவர் மாற்றிக் கை கொடுப்பதாகப் பேசிக்கொண்டார்கள். எத்தனை வீட்டில் நடக்கும் என்பது ஐப்பசியில் தெரியும்.